ஆட்டைப் பற்றி ஐந்து வாக்கியங்கள்

எழுபதுகளின் தொடக்கம். நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வழியே இரண்டு மைல் நடந்தால் வரும் ஒரு கடைமடை ஊர். காவிரித் தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அங்கே வரும். அந்த ஊரில் ஒரு கோடை விடுமுறையில் நான்கு வாரம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், வாங்கிக் கட்டிக்கொண்டது அதிகம்.

நான் பிறந்து வளர்ந்தது மலேசியாவில். அப்பா அங்கே ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்த சூடு இன்னும் ஆறவில்லை. தமிழ்நாட்டில் ஆட்சி மாறிவிட்டது, பள்ளிக்கூடத்தில் இந்தியை எடுத்துவிட்டார்கள், இனிமேல் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்தான் கைகொடுக்கும் என்று எங்கள் ஊர் இளைஞர் சங்கத்தில் ஒரே பேச்சு. பேச்சோடு நிற்காமல், கோடை முகாம் நடத்த மூன்று பேரை அனுப்புவது என்றும் முடிவு செய்தார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அப்பா கூடவே கூடாது என்றார். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவரே கப்பல் டிக்கெட் வாங்கி வந்தார். "நீ நினைச்சதை முடிக்காம விடமாட்டே. எனக்குப் பயமே அதுதான்" என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நாகையில் கப்பல் கரை வரைக்கும் வராது. கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். நாம்தான் ஏணியில் இறங்கிப் படகுக்கு மாற வேண்டும். கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி தொப்பென்று படகில் விழுந்தேன். கரையில் குடையும் கையுமாக ஒரு பெரியவர் காத்திருந்தார். நான் போக வேண்டிய ஊரின் தலைமை ஆசிரியர். கூட வந்த மற்ற இரண்டு பேருக்கும் வேறு ஊர்கள். நல்ல மனிதர். ஆனால் எதற்கெடுத்தாலும் பயம். பஸ்ஸில் போகும்போதே மூன்று தடவை, "எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு ரெண்டு வருஷம்தாம்மா இருக்கு" என்றார். அதை எதற்கு என்னிடம் சொல்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவர் சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. எந்த வாரம் எந்த வீட்டில் நான் தங்க வேண்டும், சாப்பிட வேண்டும் என்ற பட்டியல். முதல் வாரம் அவர் வீடு. இரண்டாவதும் மூன்றாவதும் மிராசுதார் வீடு. நான்காவது மிராசுதாரின் பங்காளி வீடு. எல்லாமே நிலம் வைத்திருப்பவர்கள் இருக்கும் மேலத்தெருவில்.

"கூலி வேலைக்குப் போறவங்க பிள்ளைங்களும் வகுப்புக்கு வர்றாங்கதானே சார்? அவங்க தெருவுல ஒரு வீடுகூட இல்லையே?" என்று கேட்டேன்.

அவர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "கீழத்தெருவா? அது சரிப்படாதும்மா."

சரிப்படாது என்று யாராவது சொன்னால் போதும், எனக்கு உடனே அது வேண்டும். அந்த வாரம் பள்ளிக்கூடத்து பெஞ்சிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். மூன்று நாள் விடாமல் அவரைப் பிய்த்து எடுத்தேன். கடைசியில், நான்காவது வாரம் கீழத்தெரு என்று பென்சிலால் மாற்றி எழுதினார். பேனாவால் எழுதும் துணிச்சல் அவருக்கு இல்லை.

வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். கீழத்தெருவிலிருந்து ஒன்பது பேர். பாடப்புத்தக வாக்கியங்கள் செத்த வாக்கியங்கள், பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பேசினால்தான் மொழி வரும் என்று பயிற்சிக் கல்லூரியில் படித்திருந்தேன். அதனால் ஒரு விதி வைத்தேன். தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று நேற்று தன் வீட்டில் நடந்ததை ஐந்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஐந்தும் உண்மையாக இருக்க வேண்டும். அன்றைக்கு யார் நன்றாகச் சொல்கிறார்களோ அவர்களுடைய வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி வைப்பேன்.

பிள்ளைகள் பிய்த்து உதறினார்கள். எங்கள் மாடு தவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தது, அப்பா அம்மாவைத் திட்டினார், அம்மா பதிலுக்குத் திட்டினார், தாத்தா பல்செட்டைத் தேடினார், பல்செட் கிடைக்கவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். பத்தே நாளில் மிராசுதார் வீட்டுப் பையன், பன்னிரண்டு வயது, தண்ணீர் மாதிரி பேச ஆரம்பித்தான்.

ஆனால் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவன் இல்லை. கீழத்தெருவிலிருந்து வந்த ஒரு பெண். பதின்மூன்று வயது. சொன்னதைச் சொன்ன மாதிரி பிடித்துக்கொள்வாள், உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். அவளிடம் ஒரே ஒரு குறை. தினமும் ஆட்டைப் பற்றியே சொல்வாள். எங்கள் ஆடு கறுப்பு. எங்கள் ஆடு இலை தின்றது. எங்கள் ஆடு குட்டி போட்டது. வாக்கியங்களில் ஒரு தப்பு இருக்காது. மனிதர் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டுமென்றே ஒளிக்கிறாள், கூச்சப்படுகிறாள், இந்தக் கூச்சத்தை உடைத்தே தீருவது என்று முடிவு செய்துகொண்டேன். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை அவள் எழுந்து மறுபடியும் ஆட்டில் தொடங்கினாள்.

"இன்னிக்கும் ஆடா? உங்க வீட்டுல மனுஷங்களே இல்லையா?" என்றேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் முகம் சிறுத்துப் போய் உட்கார்ந்தாள். நான் அதோடு விட்டேனா? நாளைக்கும் ஆடு என்றால் நிற்க வைத்துவிடுவேன் என்று மிரட்டினேன். சொன்னபடி செவ்வாய்க்கிழமை நிற்கவும் வைத்தேன்.

அந்த ஊரில் தை மாத அறுவடையின்போது பெரிய தகராறு நடந்தது என்று எனக்குத் தெரியும். கீழத்தெரு ஆட்கள் கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டிருக்கிறார்கள். சர்க்காரே கூலிக்குச் சட்டம் போட்டிருக்கிறதே என்று இவர்கள், சட்டத்தைச் சென்னையிலேயே வைத்துக்கொள்ளட்டும் என்று அவர்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கியிருக்கிறார். களத்தில் அடிதடி. கீழத்தெரு ஆட்கள் மேல் கேஸ். சிலர் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தார்கள். இதெல்லாம் தலைமை ஆசிரியர் வீட்டில் இருந்த முதல் வாரத்திலேயே காதில் விழுந்தது. பெரியவர்கள் சண்டை, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் அண்ணன் பெயரும் அந்தக் கேஸில் இருக்கிறது, அவன் மட்டும் இன்னும் பிடிபடவில்லை, நான்கு மாதமாகப் போலீஸ் தேடுகிறது என்பதை நான் விசாரித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

புதன்கிழமை. அவள் முறை வந்தது. எழுந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"மை பிரதர் கேம் எஸ்டர்டே" என்றாள்.

வகுப்பு சட்டென்று அமைதியானது. கேட்டு ரசிக்கிறார்கள் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். அண்ணன் எனக்கு ரிப்பன் வாங்கி வந்தார். அண்ணன் வேதாரண்யத்தில் உப்பு வேலை செய்கிறார். அவர் பாதம் முழுக்க வெடிப்பு. அவர் இப்போது எங்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஐந்து வாக்கியம். நான் கைதட்டினேன். ஐந்தையும் கரும்பலகையில் அழகாக எழுதி, எல்லோரையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மதியம் மிராசுதார் வீட்டில் சாப்பாடு. அவருக்கு மகன் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்பதில் பெருமை. இலையில் உட்கார்ந்ததும் தினமும், "இன்னிக்கு என்னடா படிச்சே?" என்பார். பையன் அன்றைக்குக் கரும்பலகையில் இருந்ததை ஒப்பிப்பான், தமிழிலும் சொல்வான். அன்றைக்கும் ஒப்பித்தான். அவனுக்கு அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. வெடிப்புக்கு இங்கிலீஷ் வார்த்தை மறந்துபோய்த் திணறினான். இலையில் உட்கார்ந்தபடி நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

மிராசுதாரின் கை சோற்றில் அப்படியே நின்றது. "யாரு சொன்னது இது?" என்றார்.

"அந்தக் கீழத்தெருப் பொண்ணுங்க ஐயா. என் வகுப்புலயே அவதான் முதல்" என்றேன் நான், பெருமையாக.

அவர் மோர் சாதத்துக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து கை கழுவினார். வாசலில் புல்லட் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் மனைவியை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவர் மோர்ச் சட்டியோடு நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்ன காரியம்மா பண்ணிட்டே" என்றார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மூன்று மணிக்குக் கீழத்தெருவுக்குள் போலீஸ் ஜீப் போய் அந்த அண்ணனை ஏற்றிக்கொண்டு வந்தபோதுதான் விளங்கியது.

சாயங்காலம் மிராசுதார் திரும்பி வந்ததும் அவர் முன்னால் போய் நின்றேன். ஒரு சின்னப் பெண் வகுப்பில் சொன்னதை வைத்து இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நான் உன்கிட்ட எதும் கேக்கலையேம்மா. நீயாதான் சொன்னே. அதோ பாரு" என்று முற்றத்தைக் காட்டினார். அவருடைய காரியக்காரர், வயல் வேலைகளைப் பார்த்துக்கொள்பவர், டம்ளரை இடது கையால் பிடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். களத்தில் நடந்த அடிதடியில் வலது கை மணிக்கட்டு உடைந்து, பிறகு சேரவே இல்லை. "அவருக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. அதையும் உன் கரும்பலகைல எழுதும்மா."

அவர் பக்கத்து நியாயம் அவருக்கு. கீழத்தெரு பக்கத்து நியாயம் கீழத்தெருவுக்கு. நடுவில் நான் ஒருத்தி, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, வீட்டில் நடப்பதையெல்லாம் சத்தமாகச் சொல்லச் சொல்லி, அதற்கு மார்க்கும் போட்டிருக்கிறேன்.

மறுநாள் கீழத்தெருவிலிருந்து ஒன்பது பிள்ளைகளும் வரவில்லை. வகுப்பு முடிந்ததும் நானே கிளம்பினேன். வேண்டாம், போகாதே என்று தலைமை ஆசிரியர் வாய்க்கால் பாலம் வரை பின்னாலேயே வந்தார். பாலத்தைத் தாண்டி அவர் வரவில்லை. தெருவுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. வீட்டை யாரும் காட்டவில்லை. கறுப்பு ஆட்டைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன்.

அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை.

"எம்பொண்ணு வாயத் தொறக்கலைன்னு நிக்க வெச்சீங்களாமே டீச்சரம்மா. நாந்தான் சொல்லி அனுப்பிருந்தேன், பள்ளிக்கொடத்துல ஆட்டப் பத்தி மட்டும் பேசுன்னு. கேட்டுட்டுத்தான் இருந்தா" என்றார். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது. உள்ளே இருட்டில் அந்தப் பெண் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. நேற்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று காத்திருந்தது. வகுப்பில் அவள் சொன்னதை மற்றப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தார்கள். தங்கச்சியே அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று தெருவே கொதித்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருக்கூட்டம். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தெருவுக்குக் கேடு செய்தவர் யாராக இருந்தாலும் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டத்தின் நடுவே வந்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, தான் செய்ததைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டோடு மற்றவர்கள் பேச்சு வைத்துக்கொள்வார்கள். அப்படி விழுந்தவர்களை ஊர் பேச ஆரம்பிக்கும், ஆனால் விழுந்ததை மறக்காது. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி, அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு, அந்தத் தெருவில் எப்படி வளர்வாள்? எப்படி வாழ்வாள்?

அவள் விழக்கூடாது. அது ஒன்றுதான் அப்போது என் மண்டைக்குள் இருந்தது. அப்பா எதைப் பார்த்துப் பயந்தாரோ அந்தப் பிடிவாதம்தான் இந்தக் கேட்டைச் செய்தது. சரி, அதே பிடிவாதம் இதைச் சரி செய்யட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் அண்ணனைப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். நாகப்பட்டினத்தில் கிளைச் சிறையில் வைத்திருந்தார்கள். தனியாகப் போக முடியாது, பெரிய மனிதர் யாராவது கூட வந்து எழுதிக்கொடுத்தால்தான் பார்க்க விடுவார்கள். தலைமை ஆசிரியரிடம் போனேன். ரிட்டையர்மெண்ட் கதையைச் சொன்னார். நீங்கள் வரும் வரை உங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன், பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றேன். அப்பாவிடம் பலித்த வித்தை அவரிடமும் பலித்தது. சனிக்கிழமை பஸ்ஸில் நாகைக்குப் போனோம். வழி முழுக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

அண்ணனுக்கு இருபது வயது இருக்கும். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. பாதங்களைப் பார்த்தேன். தங்கை சொன்ன மாதிரியே உப்பு தின்று பாளம் பாளமாக வெடித்திருந்தன. நான் யார் என்று சொன்னேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், ஆட்டைச் சொன்னதற்கு நிற்க வைத்தது உட்பட.

அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "இங்கிலீசுலயா சொன்னா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"எப்புடிச் சொன்னா? சொல்லுங்க டீச்சர்."

கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த ஐந்து வாக்கியங்களையும் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். சொன்னேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வர்ற திங்கக்கெழம வக்கீலோட கோர்ட்டுல ஆஜராவுறதா இருந்துச்சு. அதுக்கு முன்ன ஆத்தாவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன்" என்றான். "கோர்ட்டுக்கே நேராப் போயிருந்தா அடி இருந்திருக்காது. அவ்வளவுதான். அழுவாதீங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதும் அவன் முகம் மாறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி விழக்கூடாது டீச்சர். நான் சொன்னேன்னு சொல்லுங்க. எனக்கு அவமேல ஒண்ணுமில்ல. நாட்டாண்மகிட்ட சொல்லுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் தலைமை ஆசிரியர், "நான் எதையும் காதுல வாங்கலம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் தெரு முழுக்கக் கூடியிருந்தது. நாட்டாண்மை வயதானவர், அறுவடைக் கேஸில் அவரும் உள்ளே இருந்துவிட்டு வந்தவர். நான் போய் நின்றேன். அண்ணன் சொன்னதைச் சொன்னேன்.

"நீங்க மிராசுதார் வூட்டுச் சோறு திங்கிறவங்க. உங்க சொல்ல நாங்க எப்புடிம்மா நம்புறது?" என்றார் நாட்டாண்மை. மரியாதையாகத்தான் கேட்டார். கூட்டம் தலையசைத்தது.

கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பெண் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையில் அண்ணன் வாங்கி வந்த ரிப்பன் இல்லை. நாட்டாண்மை அவளை வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் அம்மாவின் கையை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைத்தாள்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருப்பேனோ என்னவோ. அவளுக்கு முன்னால் ஓடி, நடுவில் போய், அந்தச் சூடு ஆறாத மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கண்ணாடி கழன்று எங்கோ போயிற்று. வாயில் மண். படுத்தபடியே வழக்கப்படி சத்தமாகச் சொன்னேன். இந்தப் பெண் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று இரண்டு நாள் நின்றாள். சொல்ல வைத்தது நான். கரும்பலகையில் எழுதியது நான். மிராசுதார் வீட்டுப் பந்தியில் யார் சொன்னது என்று பேரைச் சொன்னதும் நான். தெருவுக்குக் கேடு செய்தது நான்தான்.

மேலத்தெரு விருந்தாளி ஒருத்தி அந்த மண்ணில் விழுந்து அவர்கள் யாரும் பார்த்ததில்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. பின்னால் ஒரு குரல் கேட்டது.

"பையன் சொன்னது நெசந்தான். நானும் கூட இருந்தேன். என் காதால கேட்டேன்."

தலை தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் முகம் தெரியவில்லை. குடை தெரிந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அந்த மனிதர் வந்திருந்தார்.

நாட்டாண்மை எழுந்து வந்து, "எந்திரிங்கம்மா" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "விழ வேண்டியவங்க விழுந்தாச்சு. புள்ளய யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது" என்றார். என் கண்ணாடியைத் தேடி எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தது அந்தப் பெண்ணின் அம்மா. ஒரு பக்கக் கண்ணாடியில் விரிசல். அதோடுதான் ஊர் திரும்பினேன்.

பட்டியல்படி அன்றைக்கே நான் கீழத்தெருவுக்கு மாற வேண்டிய நாள். செய்தி எனக்கு முன்னால் மிராசுதார் வீட்டுக்குப் போய்விட்டது. கீழத்தெரு மண்ணில் விழுந்து எழுந்தவள் இனி இந்தப் படியேற வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டாராம். பெரியம்மா என் டிரங்குப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றி, பாலம் வரை தானே வந்து இறக்கிக் கொடுத்தார். "புள்ளைய நாளைலேருந்து அனுப்பக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா கடைசி நாளு நான் கூட்டிட்டு வருவேன்" என்றார். "அவனும் ரெண்டு நாளா சரியா சாப்புடலம்மா."

நான்காவது வாரம் அந்தப் பெண்ணின் வீட்டில் இருந்தேன். பென்சில் எழுத்து பலித்துவிட்டது. கஞ்சியும் கருவாட்டுக் குழம்பும். கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். அந்தப் பெண் என்னோடு ஒரே பாயில் படுத்துக்கொள்வாள், முதுகைக் காட்டிக்கொண்டு. பேச மாட்டாள். பேச்சுக் கொடுக்க நாக்கு துடிக்கும், கடித்துக்கொள்வேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன், விழுந்ததைவிடக் கஷ்டம். வகுப்பில் ஐந்து வாக்கிய விதியை எடுத்துவிட்டேன். வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு படங்களைக் காட்டிப் பாடம் நடத்தினேன். புதன்கிழமை காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், அசை போடுறதுக்கு இங்கிலீசுல என்ன?"

சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு வகுப்புக்கு வந்தாள்.

கடைசி நாள் பிள்ளைகள் பெற்றோர் முன்னால் பேச வேண்டும் என்று முன்பே ஏற்பாடாகியிருந்தது. கீழத்தெருவில் எல்லோரும் வந்தார்கள், மரத்தடியில் நின்றார்கள். மேலத்தெருவில் பாதிப் பேர். பெரியம்மா சொன்னபடி மகனோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பாட்டு, கதை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவள் பெயரை நான் கூப்பிடவில்லை. விருப்பம் இருந்தால் வரலாம் என்று பொதுவாகச் சொன்னேன்.

அவளாகவே எழுந்து வந்தாள். தலையில் நீல ரிப்பன். இரண்டு தெருவையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எங்கள் ஆடு கறுப்பு. எங்கள் ஆட்டுக்கு இரண்டு குட்டி. அது காலையில் மேயப் போகும். சாயங்காலம் திரும்பி வரும். வந்து படுத்து அசை போடும்.

ஐந்து வாக்கியம். ஒரு தப்பு இல்லை. இரண்டு தெருவுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. மிராசுதார் வீட்டுப் பையன்தான் முதலில் கைதட்டினான். நான் கைதட்டவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணன் மூன்று மாதம் கழித்து ஜாமீனில் வந்தான் என்று தலைமை ஆசிரியர் கடிதம் எழுதினார். கேஸ் பல வருடம் இழுத்துக் கடைசியில் தள்ளுபடியானது. சில வருடத்தில் நானும் தஞ்சாவூருக்கே மருமகளாக வந்து சேர்ந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே ஆங்கில ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். தெரியும். சொல்ல மாட்டேன், அது அவள் சொல்ல வேண்டியது. இதை எழுதலாமா என்று மட்டும் போனில் அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதுங்க டீச்சர். ஆட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்றாள்.

அத்தனை வருடத்தில் எந்தப் பிள்ளையிடமும் நேற்று உன் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்டதே இல்லை. ஒரு பிள்ளை எழுந்து நின்று ஆட்டைப் பற்றிச் சொன்னால், அந்த ஆடு மேய்ந்து வீடு திரும்பிப் படுக்கும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.